ஊரை எழுப்பவோ ஊர்தி?

நள்ளிரவு கடந்து ஒரு மணி. தெரு உறங்குகிறது. நாள் முழுதும் நூற்பாலையில் நின்றுழைத்த தாய் பாயில் சாய்ந்து சற்று நேரந்தான் ஆகிறது. பல் முளைக்கும் வேதனையால் பத்து மணிவரை அழுத குழந்தை, இப்போதுதான் அவள் அருகே கண்ணயர்ந்திருக்கிறது. திண்ணையிலே ஒரு முதியவர். நெஞ்சு நோய்க்கு மருந்துண்டு, உறக்கத்தை வருந்தி வரவழைத்துக்கொண்டவர். எதிர்வீட்டிலே விடியற்காலை ஐந்து மணி ஷிப்டுக்குப் போகவேண்டிய தொழிலாளி.

அந்த வேளையிலே வருகிறது ஒரு மோட்டார் சைக்கிள். சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, அதன் இடத்திலே வெறுங்குழாயை மாட்டிய வண்டி. வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றியதோ என்று ஐயுறும்படி முழங்கிக்கொண்டு வருகிறது. பத்து விநாடியில் தெருவைக் கடந்து மறைகிறது. குழந்தை வீறிடுகிறது. முதியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறார். தொழிலாளி கடிகாரத்தைப் பார்க்கிறான். ஓட்டியவன் போய்விட்டான்; அவன் கலைத்துவிட்டுப் போன உறக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

மோட்டார் சைக்கிளின் குழாய் எவ்வளவு ஓசை எழுப்பலாம்? இதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி.

“விலைவாசி விண்ணைத் தொடுகிறது, படித்தவன் வேலையின்றி அலைகிறான், இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, கட்சி ஏட்டிலே குழாய்ச் சத்தத்தைப் பற்றியா ஒரு கட்டுரை?” என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஒருவனுடைய களிப்புக்கு ஆயிரம் பேர் விலை கொடுக்கிறார்கள் என்றால், அந்த ஆயிரம் பேரும் வாயில்லாதவர்கள் என்றால், அது அரசியலன்றி வேறென்ன? பிறர் வியர்வையைப் பறிப்பவனைச் சுரண்டுபவன் என்கிறோம். பிறர் உறக்கத்தைப் பறிப்பவனுக்கு மட்டும் இளமைத் துடிப்பு என்று பட்டம் சூட்டுவோமா?

முதலிலே, அந்தப் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். சைலன்சர்! ஓசையை அடக்குவது என்பதே அதன் பொருள். எஞ்சினுக்குள்ளே எரிபொருள் வெடிக்கிறது. வால்வு திறந்தவுடன், அழுத்தத்தோடு அடைபட்டிருந்த வெப்பக் காற்று வெளியே பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் அதிர்ச்சியே ஓசை. சைலன்சருக்குள்ளே அறைகள் உண்டு, தடுப்புத் தகடுகள் உண்டு, துளையிட்ட குழாய்கள் உண்டு. பாய்ந்துவரும் காற்று அந்த அறைகளிலே விரிந்து, வேகம் தணிந்து, அலையோடு அலை மோதி அடங்கி, அதன் பின்னரே வெளியேறுகிறது. 1897ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவிலே இத்தகைய கருவிக்குக் காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது. மோட்டார் வண்டி குழந்தைப் பருவத்தில் இருந்தபோதே, அதன் கூச்சலை அடக்கவேண்டும் என்று மனிதன் உணர்ந்துவிட்டான். அன்று ஒருவன் அறிவைச் செலவிட்டு அடக்கிய ஓசையை, இன்று நம் இளைஞன் காசைச் செலவிட்டு அவிழ்த்துவிடுகிறான். இதற்குப் பெயர் முன்னேற்றமாம்!

சட்டம் என்ன சொல்கிறது? 80 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிக்கு 75 டெசிபல். 80க்கு மேல் 175 சிசி வரை 77 டெசிபல். 175க்கு மேற்பட்டால் 80 டெசிபல். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் வண்டிக்கு இந்நாட்டு விதிகள் வகுத்துள்ள எல்லை இது. வண்டியை முழு முறுக்கில் ஓட்டி, ஏழரை மீட்டர் தொலைவிலே கருவியை நிறுத்தி அளந்து பார்க்கும் கணக்கு. இன்னொரு பக்கம், 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், மக்கள் குடியிருக்கும் பகுதியிலே பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். அங்கே பகலில் 50, இரவில் 40.

ஒன்று, வண்டி கடக்கும் நொடியின் உச்சம்; மற்றொன்று, அவ்விடத்தின் சராசரி. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தல் முறையன்று. ஆனால் ஒரு செய்தி தெளிவு. சட்டத்துக்கு உட்பட்ட வண்டியே, இரவுத் தெருவின் அமைதிக்கு எவ்வளவோ மேலே நிற்கிறது. அது ஒரு நொடியில் கடந்து போகிறது என்பதால்தான் பொறுத்துக்கொள்கிறோம். அந்தப் பொறுமைக்கும் மேலே ஏறி மிதிக்கிறது மாற்றுக் குழாய்!

டெசிபல் கணக்கு, கடைக்காரன் கணக்கைப் போன்றதன்று. 80க்கும் 90க்கும் வேறுபாடு பத்துத்தானே என்று எண்ணிவிடாதீர்கள். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது; இருபது கூடினால் நூறு மடங்கு. எனவே 90 டெசிபல் எழுப்பிக்கொண்டு போகிறவன் ஒருவனாகப் போகவில்லை. ஒழுங்கான வண்டிகள் பத்து ஒருசேரப் போவதற்கு ஈடான ஓசையைத் தனியொருவனாக எழுப்பிப் போகிறான். நூறைத் தொட்டானோ, நூறு வண்டிகளின் ஓசை! பத்துப் பேர் பங்கையும் நூறு பேர் பங்கையும் ஒருவனே அள்ளிக்கொள்வதற்கு நம் அரசியல் அகராதியிலே என்ன பெயர் என்பதை நம் தோழர்கள் அறிவார்கள்.

இனி, அவர்கள் தரப்பு வாதங்களையும் கேட்போம். வாதத்துக்கு வாதம் வைப்பதுதானே நம் வழக்கம்.

“ஓசை இருந்தால்தான் மற்ற வண்டிக்காரன் விலகுவான், உயிர் பிழைக்கும்” என்கிறார்கள். குழாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? பின்பக்கம்! ஆபத்து எங்கிருந்து வருகிறது? தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார், லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்திலே தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நேரிலே சென்று ஆராய்ந்து, 1981ஆம் ஆண்டில் அறிக்கை தந்தார்கள். விபத்துக்குக் காரணமான இடையூறுகளில் முக்காற்பங்குக்கும் மேலானவை, ஓட்டுபவனின் நேர் முன்னேயும் முன்புறத்து இருமருங்கிலுமே இருந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆபத்து முன்னே நிற்க, அபயக்குரல் பின்னே போகிறது! கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு வரும் கார்க்காரனுக்கு எட்டாத அந்தக் குரல், கீற்றுக் கொட்டகைக்குள் உறங்கும் குழந்தைக்கு மட்டும் தவறாமல் எட்டுகிறது.

எச்சரிக்கைக்கு உண்மையிலே எவ்வளவு ஓசை வேண்டும்? மின்சாரக் கார்கள் சத்தமின்றி வந்து பாதசாரிகள் மீது மோதிவிடலாகாது என்று கருதி, ஐரோப்பிய நாடுகள், அவை மெதுவாகச் செல்லும்போது குறைந்த அளவு ஓசையேனும் எழுப்ப வேண்டும் என்று விதித்தன. 2019 முதல் புதிய வகைக் கார்களுக்கு அது கட்டாயம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு மீட்டர் தொலைவில், 56 டெசிபல் போதும் என்று முடிவு செய்தார்கள். ஏறத்தாழ இருவர் உரையாடும் அளவு! மனிதன் விலகி நிற்க மனிதப் பேச்சின் அளவே போதும் என்று அறிஞர் கூற, இடி முழக்கம் வேண்டும் என்கிறார்கள் இவர்கள்.

“வண்டிக்கு வலிமை கூடுகிறது” என்பது அடுத்த வாதம். கூடுவது ஓசை, வலிமை கூடியதாகத் தோன்றுவது மயக்கம். எஞ்சினும், எரிபொருள் பாயும் அளவும், குழாயின் வளைவும் ஒன்றோடொன்று பொருந்துமாறு கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்றை மட்டும் பிடுங்கி எறிவது, குடத்தின் அடியைத் தட்டிவிட்டு நீர் வேகமாகப் பாய்கிறது என்று மகிழ்வதைப் போன்றது. அதுமட்டுமன்று. 2020 ஏப்ரல் முதல் நாட்டில் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 வண்டிகளில், நச்சுப் புகையை மாற்றியமைக்கும் வினையூக்கி மாற்றி, அந்தக் குழாய் அமைப்பிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அதையும் சேர்த்துக் கழற்றுகிறவன், தெருவின் காதைக் கெடுப்பதோடு நிற்கவில்லை. தெருவின் மூச்சையும் கெடுக்கிறான்.

“புல்லட்டின் அழகே அதன் ஓசைதான்; அது நம் ஊரின் மரபு” என்று உணர்ச்சி ததும்பக் கூறுவோர் உண்டு. உண்மை, புல்லட் நம் ஊரோடு உறவு கொண்ட வண்டிதான். 1955ஆம் ஆண்டில் சென்னையிலே தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலே நம் தொழிலாளர் கைகளால் அதை உருவாக்கிற்று. அந்தப் பழைய 350 சிசி வண்டியின் ஒற்றை உருளை 70 மில்லிமீட்டர் அகலம். பிஸ்டன் ஏறியிறங்கும் தூரமோ 90 மில்லிமீட்டர். அந்த நீண்ட வீச்சும் நிதான ஓட்டமுந்தான், நாடித் துடிப்புப்போன்ற அந்தத் தாளத்தைத் தந்தன. கவனியுங்கள்: அந்தத் தாளம் சைலன்சரோடு பிறந்தது, சைலன்சரைக் கழற்றியதால் பிறந்ததன்று! மரபைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு, அந்தத் தொழிலாளி அளந்து பூட்டி அனுப்பியதை அறுத்தெறிகிறவனுக்கு, மரபைப் பற்றிப் பேச என்ன உரிமை?

ஓசையை மோகப்பொருளாக்கி விற்கும் வாணிகத்தையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நிறுவனம், தன் வண்டியின் குழாய் ஓசைக்கே வணிக முத்திரை உரிமை வேண்டும் என்று 1994ஆம் ஆண்டில் விண்ணப்பம் போட்டது. போட்டி நிறுவனங்கள் எதிர்த்தன. வழக்காடி வழக்காடி, 2000ஆம் ஆண்டில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இரைச்சலுக்கே பட்டா கேட்டது முதலாளித்துவம்! எதற்காக? இரைச்சல் விற்பனையாகும் என்பதற்காக. விற்றவனுக்குக் காசு, வாங்கியவனுக்குக் களிப்பு, கேட்டவனுக்குத் தலைவலி.

“என் வண்டி, என் உரிமை” என்பது கடைசி வாதம். உரிமைக்காகச் சிறை சென்ற இயக்கத்தாரிடம் உரிமையைப் பற்றிப் பாடம் சொல்ல வருகிறார்கள். 2005 ஜூலையில் உச்சநீதிமன்றம் இதற்கு விடை தந்துவிட்டது. இரைச்சலின்றி வாழ்வது, அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றும், கேட்க விரும்பாதவனைக் கேட்கச் செய்யும் உரிமை எவனுக்கும் இல்லை என்றும் அது தீர்த்துரைத்தது. பேசுவதற்கு எனக்கு உரிமை உண்டு. உன் காதைப் பிடித்து இழுத்துவைத்துப் பேசுவதற்கு உரிமை இல்லை.

இங்கே ஒரு நுட்பமான கேள்வியை மறைக்காமல் எதிர்கொள்ள வேண்டும். காலமெல்லாம் வாய் திறக்கவும் விடாமல் ஒடுக்கப்பட்ட தெருவிலிருந்து ஓர் இளைஞன், உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு வண்டி வாங்கி, தலை நிமிர்ந்து வருகிறான். அந்த வண்டியின் முழக்கம் அவனுடைய தன்மானத்தின் முழக்கமல்லவா என்று கேட்கலாம். தன்மானம் என்றால் நமக்கு விளையாட்டுச் சொல் அன்று. சிவகங்கை மாவட்டத்திலே 2025 பிப்ரவரியில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர், புல்லட் ஓட்டினார் என்பதற்காகவே கைகளில் வெட்டப்பட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்து, நாடு பதைத்தது. அந்த மாணவர் எந்த வண்டியில் ஏறுவது, எந்தத் தெருவழியே போவது என்பதை வேறு எவனும் விதிக்க முடியாது. அந்த உரிமைக்காக நாம் எந்த விலையும் கொடுப்போம். “சத்தம் போடுகிறான்” என்று காரணம் கற்பித்துக் கையோங்கும் சாதி வெறியனுக்கு, இந்தக் கட்டுரையின் ஒரு வரியும் துணை வராது.

ஆனால் தோழனே, உன் வண்டி உன் தன்மானம்; உன் குழாய் எப்படித் தன்மானம் ஆகும்? உன் முழக்கம் முதலிலே விழுவது எவன் காதில்? மேட்டுத் தெருவின் மாடி வீட்டுக்காரன், சன்னலை அடைத்து, குளிர்சாதனத்தை முடுக்கி, போர்த்திக்கொண்டு உறங்குகிறான். அவனை உன் ஓசை தீண்டாது. சுவரே இல்லாத உன் அத்தையின் குடிசைக்குள், நடைபாதையிலே படுத்திருக்கும் ஏழையின் செவிக்குள், அரசு மருத்துவமனையின் தாழ்வாரத்தில் பாய் விரித்திருக்கும் நோயாளியின் நெஞ்சுக்குள்தான் அது புகுகிறது. ஓசைக்கும் வர்க்கம் உண்டு. எழுப்புகிறவன் எவனாயினும், அனுபவிக்கிறவன் ஏழை. பாரிசிலே ஒலியை அளந்து ஆராயும் புரூய்பாரிஃப் என்னும் அமைப்பு, குழாய் மாற்றிய ஒரே ஒரு ஸ்கூட்டர் இரவிலே அந்நகரைக் குறுக்கே கடந்தால் 10,000 பேர் வரை விழித்துவிடக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறது. கல்லும் காரையுமான பாரிசுக்கே அந்தக் கணக்கென்றால், ஓலையும் தகரமுமான நம் குடியிருப்புகளுக்கு என்ன கணக்கு?

சட்டம் இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது, ஏட்டிலே இருக்கிறது. ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் ஓசையடக்கும் சைலன்சர் இருந்தாகவேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆவது விதி. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவின்படி, ஓசை வரம்பை மீறி ஓட்டுபவனுக்கு முதல் முறை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்கு இல்லை. அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளனுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய், அல்லது இரண்டும் என்கிறது 182ஏ பிரிவு.

இத்தனை இருந்தும் நடப்பதென்ன? ஆண்டுக்கு ஒருமுறை, பல நகரங்களிலே, பறிமுதல் செய்த குழாய்களைச் சாலையிலே வரிசையாக அடுக்கி, அவற்றின் மேல் ரோடு ரோலரை ஏற்றி நசுக்கிப் படம் பிடிக்கிறார்கள். அடுத்த தெருவிலே அதே குழாய் கடையிலே தொங்குகிறது. பட்டப்பகலில் விலை பேசப்படுகிறது. மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் மாட்டித் தருகிறான். நசுங்கியது பையனின் சேமிப்பு. நிறைந்தது வியாபாரியின் கல்லாப்பெட்டி. ஆற்றின் ஊற்றுக்கண்ணை விட்டுவிட்டு, கடைமடையிலே கை வைத்து நீரைத் தடுப்பதற்குப் பெயர் நிர்வாகமா? கடையை மூடுக! இறக்குமதியைத் தடு! ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் ஒலியளவுக் கருவி கொடு. காதால் அளந்து, ஆளைப் பார்த்து அபராதம் போடும் முறையை ஒழி! பிடிபட்ட ஏழை மாணவனின் படிப்புக் காசைப் பிடுங்குவதைவிட, பழைய சைலன்சரை மாட்டிக் காட்ட ஒரு வாரத் தவணை கொடு; மீறினால் பிறகு தண்டி! இவை அரசாங்கத்திடம் நாம் வைக்கும் கோரிக்கைகள்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டோம். இனி நம் வீட்டைப் பார்ப்போம்.

மோட்டார் சைக்கிள் ஊர்வலம் என்று அறிவிக்கிறோம். வண்டியின் முகப்பிலே நம் கொடி, இருக்கையிலே நம் தோழர், பின்னாலே? சைலன்சர் இல்லாத குழாய்! வேண்டுமென்றே எஞ்சினை முறுக்கி, பட்டாசுபோல் வெடிக்கச் செய்து, ஊரே அதிர்ந்தது என்று மறுநாள் பெருமை பேசுகிறோம். அண்மையிலே ஒரு தெருமுனைக் கூட்டத்துக்குப் பின், மூதாட்டி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “தம்பி, நீங்க வந்தா எங்களுக்கு விடியும்னு சொல்றீங்க. அதுக்காக நடுராத்திரியிலேயே எழுப்பிவிடணுமா?” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றிரவு நான் சிரிக்கவில்லை.

அந்த ஒரு கேள்விக்கு முன்னால், நம் மேடைப் பேச்சுக்கள் அத்தனையும் விடையற்று நிற்கின்றன. எவருக்காகப் பேசுகிறோமோ, அவர்களுடைய செவியையே அறைந்துவிட்டு வாக்குக் கேட்கப் போகிறோம். ஊர் அதிர்ந்தது, உண்மை; ஆனால் ஊர் நம்மிடம் வந்ததா? அச்சத்தாலே விலகி நின்றவனை ஆதரவாளன் என்று எண்ணிவிட்டோம். எண்ணிக்கை குறைந்தவன் ஓசையாலே நிரப்புவான். எண்ணம் குறைந்தவனும் அப்படியே. இரண்டும் குறையாத நமக்கு அந்த இரவல் முழக்கம் எதற்கு?

எனவே கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஊர்வலத்தில், குழாய் மாற்றிய வண்டி எதுவும் நம் கொடியைத் தாங்கலாகாது. அணிவகுப்புக்கு முன்னால் வண்டிகளைப் பாருங்கள்; மீறிய வண்டியை நிறுத்துங்கள்; ஓட்டியவரை மட்டும் அனுப்பிவிடாதீர்கள், நம்மோடு நடந்துவரச் சொல்லுங்கள். மருத்துவமனையின் வாயிலைக் கடக்கும்போது எஞ்சினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். ஆயிரம் இளைஞர் ஓசையின்றி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் காட்சி, ஆயிரம் குழாய்களின் முழக்கத்தைவிட உரக்கப் பேசும்.

குழாய் எவ்வளவு ஓசை எழுப்பலாம் என்பதுதானே கேள்வி? விடை இதுதான். தொழிற்சாலையிலே தொழிலாளி அளந்து பூட்டிய அளவுக்கு. அதற்கு மேல் ஓர் இம்மியும் இல்லை. அளவுகோலை ஓட்டுபவன் காதிலே வைக்காதீர்கள்; உறங்குபவன் காதிலே வைத்து அளந்து பாருங்கள். அந்தத் தாயின் அருகே கண்ணயர்ந்த குழந்தை விழிக்காமல் உறங்குகிறதா? அதுதான் சரியான அளவு.

குழாய் அடங்கட்டும், கொள்கை முழங்கட்டும்!